சரிகுதுக்கில் இன்னும் விழாதது

“தொங்கினா தொங்கட்டும், விழலையே—”

“விழுந்த பிறகு வந்து சொல்ல யார் இருப்பா, நீங்களா நானா—”

“நான் பேசறத முடிக்க விடு. விழாத ஒண்ண விழுந்துச்சுன்னு நான் எப்படி எழுதிக் குடுக்கறது?”

“நீங்க எழுதவே வேணாம். வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேளுங்க. ஊரே வந்து நம்ம வாசல்ல நின்னு கேக்குது, வீட்டுக்காரர் மட்டும் வாயத் தைச்சுக்கிட்டு லாயத்துல நிக்கிறார்.”

1999ஆம் வருடம் ஏப்ரல் பதினேழாம் தேதி காலை பத்தே காலுக்கு, அரசின் ராக்கெட்டிலிருந்து கழன்ற முதல் அடுக்கு, கசாக் புல்வெளியில் சரிகுதுக் கிராமத்துக் கைரோல்லாவின் வீட்டைப் பார்த்து விழுந்துகொண்டே வந்து, புகைபோக்கிக்கு மேலே நாற்பது மீட்டர் உயரத்தில் நின்றுவிட்டது. பதினெட்டு மீட்டர் நீளம், ஒரு லாரி நுழையும் பருமன், வாய் கீழ்நோக்கி. அது ஏன் நின்றது என்று அன்று யாரும் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தப் புல்வெளியில் அடுக்குகள் விழுவது நாற்பது வருட வழக்கம். விழுந்ததை அறுத்து மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி செய்வார்கள், கோழிக்கூண்டு செய்வார்கள், பனிக்காலத்துக்குச் சறுக்குவண்டி செய்வார்கள். அறுத்தவர்களுக்குக் கை புண்ணாகும், ஆடு சாகும், கிணற்றுத் தண்ணீர் கசக்கும். இவை எதற்கும் ராக்கெட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று தலைநகரத்து அலுவலகத்திலிருந்து கடிதம் வரும். ஆகவே நின்றதைப் பற்றியும் எழுதினார்கள், அதற்கும் கடிதம் வந்தது. பொருள் இதுவரை பூமியின் மேற்பரப்பைத் தொடவில்லை, எனவே அது விழுந்ததாகக் கொள்ள இயலாது, எனவே குடும்பத்தை வேறிடத்தில் குடியமர்த்தும் கேள்வி எழவில்லை, விழுந்த பிறகு உரிய படிவத்தில் விண்ணப்பிக்கவும். கைரோல்லாவின் மனைவி சவுரேஷ் அந்தக் கடிதத்தை மூன்று தரம் வாசித்துவிட்டு, மடித்து, ஆடுகிற மேஜையின் காலுக்கு அடியில் வைத்தாள்.

வீட்டை விட்டுப் போய்விடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கைரோல்லா நான்கு பிள்ளைகளில் கடைசி. அப்பன் வீடும் அடுப்பும் கடைசி மகனுக்கு. அண்ணன்மார் எங்கே போனாலும் திரும்பிவந்து தலை குனிந்து நுழைய அந்த வாசல் இருக்க வேண்டும். அதை அவர் பூட்டிவிட்டுப் போனால் ஒரு வம்சமே நடுத்தெருவில் நிற்கிற மாதிரி. நீ வேண்டுமானால் உன் தம்பி வீட்டுக்குப் போ என்றார். சவுரேஷ் ஒருமுறை போய்ப் பதினோரு நாள் நகரத்தில் இருந்தாள். அங்கேயும் ஐந்தாவது மாடி வீட்டின் கூரையை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தாள்; வீட்டில் ஒட்டடை இருக்கிறதென்று சொல்லிக்காட்டுகிறாளோ என்று தம்பி பெண்டாட்டி நினைத்துவிட்டதால், திரும்பி வந்தாள். வந்ததிலிருந்து சட்டியை மூடாமல் அவள் எதையும் சமைக்கவில்லை. மேலே தொங்கியதன் நிழல் காலையில் லாயத்தில் தொடங்கி, மதியம் வீட்டைத் தாண்டி, மாலையில் சாணக்குவியலில் முடியும். பசுக்கள் அந்த நிழல்கோட்டைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிக்கொண்டன. மற்ற வீடுகளில் பனி விழுகிறபோது இந்த வீட்டுக் கூரையில் மட்டும் ஒரு வட்டம் காய்ந்து கிடக்கும். பனி வழிக்கிற வேலை மிச்சம் என்று கைரோல்லா சொல்வார். சவுரேஷ் அதற்குச் சிரித்ததே இல்லை.

அது அசைகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான். வெளிச் சமையலறை ஜன்னலருகே பால் கறக்கும் முக்காலியில் உட்கார்ந்து பார்த்தால் அதன் கீழ் விளிம்பு கண்ணாடியில் ஓரிடத்தில் தெரியும். அந்த இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு கிழித்துவைத்தாள். தொலைக்காட்சியில் விண்வெளிச் சாதனைகளைப் பற்றி அரைமணி நேரம் பாராட்டிப் பேசிய நாளில் விளிம்பு கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. அடுத்த வாரம் பக்கத்து வீட்டு விதவை சக்கிப்ஜமால் டீ குடிக்க வந்தாள். முந்தின கோடையில் ஒரே நாளில் முப்பத்திரண்டு ஆடுகளைப் பறிகொடுத்தவள், கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மேலே அண்ணாந்து, “மேல போறதுக்கு அத்தன கணக்குப் போடறீங்களே, என் ஆடு எதனால செத்துச்சுன்னு ஒரு கணக்குப் போட முடியாதா?” என்றாள். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. விளிம்பு கோட்டுக்கு மேலே இரண்டு விரல் ஏறியது. இரண்டு விரல் என்றால் வெளியே ஒன்றரை மீட்டர்.

அன்றிலிருந்து சரிகுதுக்கில் முறை வைத்தார்கள். காலைப் பால் கறந்ததும் இரண்டு வீட்டார் வந்து வாசலில் நின்று ஏதாவது கேட்டுவிட்டுப் போக வேண்டும், டீயும் ரொட்டியும் சவுரேஷ் பொறுப்பு. வெறும் கெட்ட வார்த்தைக்கு அது அசையாது என்று சீக்கிரமே தெரிந்தது. ட்ராக்டர் ஓட்டுகிறவன் ஒருவன் வானிலை, சாராயம், மாமியார், மந்திரி என்று எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டுவான். அவன் முறை வருகிற நாளில் கோடு நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரு பொருளைக் குறித்து, உண்மையாகவே பதில் தெரிய வேண்டும் என்று கேட்டால்தான் ஏறியது. கிணற்றைப் பரிசோதித்த தாள் எங்கே என்று கேட்டதற்கு ஒரு மீட்டர். ஏவுகிற நாளை முன்கூட்டிச் சொன்னால் குழந்தைகளை உள்ளே வைத்துக்கொள்வோமே என்று கேட்டதற்கு இரண்டு. மாவட்டப் பத்திரிகை இவர்களுடைய கடிதத்தை ஆறு வரியாகக் குறைத்துப் போட்ட வாரம் மூன்று மீட்டர் ஏறியது. சவுரேஷ் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு வாளி தயிர் கொடுத்தனுப்பினாள்.

கைரோல்லா மட்டும் முறை நேரத்தில் லாயத்துக்குப் போய்விடுவார். கெட்ட மனிதர் இல்லை. இருபது வயதில், புல்வெளியில் இறங்கிய விண்கலத்தை முதலில் கண்ட குதிரைக்காரர் அவர். உள்ளிருந்து வந்தவருக்கு நிற்க முடியவில்லை, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்காரவைத்தவர். அந்த ஆள் கன்றுக்குட்டி மாதிரி நடுங்கினான், அவனைப் போய் நான் எப்படிப் பேசுவேன் என்பார். உங்களை யாரும் அவனைப் பேசச் சொல்லவில்லை, அவனை அனுப்பினவர்களைக் கேளுங்கள் என்பாள் சவுரேஷ். மேலே கேட்ட சண்டை மூன்றாம் வருடத்தது. பத்து வருடமும் ஏறக்குறைய அதே வார்த்தைகளில் அது நடந்தது.

ஆறாம் வருடம் அலுவலகத்தார் ஆழ்குழாய் போட்டுக் கொடுத்தார்கள், தண்ணீர் கசக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வெந்நீர்க் குழாய் வைத்தார்கள். ஏவுதளத்தில் காவல் வேலைக்கு ஊரிலிருந்து ஐந்து பேரை எடுத்தார்கள். பெற்றுக்கொண்ட ஒவ்வொரு வீடும், விண்வெளித் திட்டத்தைப் பற்றித் தங்களுக்கு எந்தக் குறையும் இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போட்டார்கள். தாகத்துக்குத் தண்ணீர் வேண்டும், சவுரேஷும் அந்தக் குழாயில்தான் பிடித்தாள், யார்மேலும் அவளுக்குக் கோபமில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டவர்கள் காலையில் வருவதை நிறுத்தினார்கள். வழியில் பார்த்தால் மேலே பார்க்காமல் நலம் விசாரித்தார்கள். சுண்ணாம்புக் கோடுகள் கண்ணாடியில் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. சக்கிப்ஜமால் இறந்தபோது நான்கு மீட்டர் ஒரே நாளில் போயிற்று. ஒன்பதாம் வருடம் கேட்பதற்கு சவுரேஷ் ஒருத்திதான் மிச்சம். ஒரே வாய் ஒரே கேள்வியைக் கேட்டால் அதற்கும் அலுத்துவிடும்போலிருக்கிறது; தொண்டை கட்டும்வரை கேட்டாலும் விரல்நுனி அளவுதான் ஏறியது, மறுநாள் அதுவும் இறங்கியது. பத்தாம் வருடம் அது பன்னிரண்டு மீட்டரில் நின்றது. காற்றடித்தால் கிறீச்சிடுவது வீட்டுக்குள் கேட்டது. சவுரேஷ் மாவு பிசையும்போது அந்தச் சத்தத்துக்கு நிறுத்துவாள், அது ஓய்ந்ததும் தொடர்வாள்.

அந்த வருடம் செப்டம்பரில் கையெழுத்துப் போடாத கடைசி வீட்டைப் பார்க்கத் தலைநகரத்திலிருந்து எர்சயின் என்ற அதிகாரி இரண்டு உதவியாளர்களோடு ஜீப்பில் வந்தான். முப்பத்தைந்து வயது, மரியாதையான பிள்ளை, செருப்பை வாசலில் ஒழுங்காக விட்டான். வந்தவன் யாராயிருந்தாலும் விருந்தாளி. கைரோல்லா ஆடு அறுத்தார், ஆட்டுத்தலையை அவன் முன் வைத்தார், அவனும் அதன் காதை அறுத்துப் பக்கத்திலிருந்தவனுக்குக் கொடுத்து முறைப்படிதான் சாப்பிட்டான். இந்தக் குடும்பம் கையெழுத்துப் போட்டுவிட்டால் பொருளை அலுவலகப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம், பிறகு அது இருப்பதாகவே ஆகாது, நீங்களும் நிம்மதியாக இருக்கலாம் என்று விளக்கினான். கைரோல்லா தலையாட்டிக்கொண்டே கறியை நறுக்கினார். சாப்பிட்டு முடிந்ததும், ஊரில் எந்த இளையவனும் செய்வதைத்தான் அவனும் செய்தான். இரண்டு கையையும் விரித்து, பெரியவரே, எங்களுக்கு ஒரு வாழ்த்து, ஒரு பாத்தா சொல்லுங்கள் என்றான். உண்ட இடத்தில் வாழ்த்துக் கேட்டவனுக்கு இல்லையென்று சொன்ன கசாக் வீடு ஒன்றை அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. டீயோடு வாசற்படியில் நின்ற சவுரேஷ் கண்ணால் வேண்டாம் என்றாள், தலையால் வேண்டாம் என்றாள். கைரோல்லா அவளைப் பார்த்தார், பிறகு கைகளை விரித்தார். போகிற வழி வெளிச்சமாக இருக்கட்டும், எடுத்த காரியம் கைகூடட்டும், நீங்கள் அனுப்புவதெல்லாம் நல்லபடியாக மேலே போகட்டும் என்று முழு மனதோடு சொன்னார். அரைகுறை மனதோடு வாழ்த்துச் சொல்ல அவருக்குத் தெரியாது. எல்லோரும் ஆமீன் என்று முகத்தைத் தடவிக்கொண்டார்கள். தடவின கை மடிக்கு வருவதற்குள் அடுப்புப்புகை திரும்பி அறைக்குள் வந்தது.

இருமிக்கொண்டு வெளியே வந்து பார்த்தார்கள். அதன் வாய் புகைபோக்கிக்கு மேலே ஒரு ஆள் உயரத்தில் இருந்தது. எர்சயின் பார்க்கவில்லை, ஜீப்பின் முன்மூடியில் தாளை விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான். உயரத்தில் ஏற்படும் மாற்றம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருப்பதாக உதவியாளன் குறித்துக்கொண்டான். சவுரேஷ் கணவனின் முழங்கையைப் பிடித்தாள். பத்து வருடத்தில் முதல் தடவையாகத் தாழ்ந்த குரலில் பேசினாள். “இன்னும் ஒரு ஆள் உயரம்தாங்க இருக்கு. கேளுங்க. எனக்காகக் கேளுங்க.”

“என் வீட்ல சாப்பிட்டவனை எப்படிடி ஏசறது?” என்றார் கைரோல்லா.

பேனாவை வாங்கிக்கொள்ளாமல் உள்ளே போனார். புகைக்குள் அவர் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. சவுரேஷின் சீர்வரிசையாக வந்த மெத்தைகள் நான்கு, நல்ல விருந்தாளிக்கென்று வைத்தவை, நான்கையும் தோளில் போட்டுக்கொண்டு வந்து, கூடத்தில் சரியாக அது தொங்குமிடத்துக்கு நேரே கீழே ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தார். தலையணையைத் தட்டி வைத்தார். ஜன்னலைத் திறந்து புகையை விரட்டினார். பிறகு வெளியே வந்தார். மதியம் இரண்டு மணி, வெயில் அடித்துக்கொண்டிருந்தது, ஜீப்பின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் பேசியதும் எர்சயின் அன்று முதல் தடவையாக நிமிர்ந்து மேலே பார்த்தான். அவன் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அது ஏறத் தொடங்கி, ஐந்து மணிக்கெல்லாம் ஐம்பத்தொரு மீட்டரில் போய் நின்றது. அவன் அப்போது நகரத்துக்குப் பாதி வழியில் இருந்தான். இன்றும் அது அங்கேதான் நிற்கிறது. அதன் தோள்பட்டையில் பருந்து கூடு கட்டியிருக்கிறது. அண்ணன் மகனுக்குக் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு மருமகள் வந்தபோது வாசலில் குனிந்து வணங்கி, ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள், யாரும் அவளுக்கு விளக்கம் சொல்லவில்லை. நிழல் விழும் இடத்தை விட்டு மற்றவர்கள் வேலி போடுகிறார்கள். சவுரேஷ் காலையில் முக்காலியில் உட்கார்ந்து கோட்டைச் சரிபார்ப்பதை மட்டும் விடவில்லை. சட்டியை இன்னும் மூடித்தான் வைக்கிறாள். அன்றைய கேள்விக்கு அலுவலகத்திலிருந்து இதுவரை கடிதம் வரவில்லை. கைரோல்லா அன்று எர்சயின் கையைப் பிடித்துக்கொண்டு, கேலி ஒரு துளியும் இல்லாமல், சொந்தத் தம்பியிடம் கேட்கிற மாதிரித்தான் கேட்டார்:

“படுக்கை போட்டாச்சு தம்பி, ஒரு ராத்திரி மட்டும் அதுல தூங்கிட்டுப் போறீங்களா?”