பதினோரு மாதச் சமையல்

விடிகிற நேரம், பருப்பைக் கடைந்து டிபன் தூக்கின் அடித்தட்டில் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நர்ஸம்மா கொஞ்சம் சீக்கிரம் வரச் சொன்னார். அவன் அடுப்பை அணைத்தான். மூன்று தட்டையும் அடுக்கிக் கொக்கியை மாட்டி, கையோடு எடுத்துக்கொண்டே கிளம்பினான். அக்கா பசித்தால் கேட்பாள்.

ஊர் லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிறவன், அன்று லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் நாலு மாடியும் படியேறினான். போய்ச் சேர்ந்தபோது போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தார்கள். கண்ணை யாரோ மூடியிருந்தார்கள்.

அப்பா அம்மா போனபிறகு அவர்கள் இருவர்தான். அக்கா தையல் கம்பெனியில் மெஷின் மிதித்தாள். அவன் ஸ்பேனர் பிடித்தான். இருபது வருஷம் கேன்டீனிலும் கடையிலுமே சாப்பாடு. வீட்டு அடுப்புக்குத் தெரிந்த ஒரே வேலை டீ போடுவது. போன வருஷம் அக்காவுக்கு இதயம் பலவீனம், ரத்தமும் குறைவு என்றார்கள். கடைச் சாப்பாடு கூடாது, உப்பு குறைய வேண்டும், பருப்பு, கீரை, முட்டை தினமும் வேண்டும் என்றார் டாக்டர். அவள் சம்பளம் நின்றது. மருந்து வாங்கியது போக மிஞ்சியதில் நன்றாகச் சாப்பிட்டாக வேண்டும்.

புது மெஷினைப் பிரித்துப் பார்ப்பதுபோல அவன் அடுப்படியில் இறங்கினான். சந்தை கலைகிற நேரத்துக்குப் போனால் காய் மலிவு. வேலைக்குப் போகும்முன் பயறை ஊறவைத்துவிட்டால் சாயங்காலம் கேஸ் மிச்சம். முதல் நாள் பருப்பு சரளைக்கல்லாக இருந்தது. அக்கா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "உன் பருப்பு என்கிட்ட வேகாதுடா தம்பி" என்றாள். சிரித்த சிரிப்பில் அவளுக்கு மூச்சு வாங்கி, அவன் பயந்துபோனான். உப்பு குறைந்ததற்கும் ஒன்று வைத்திருந்தாள்: "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சொன்ன மனுஷனுக்கு நெஞ்சு நல்லா இருந்திருக்கும்." மூன்றாம் மாதம் தட்டைக் காலி செய்ய ஆரம்பித்தாள். போன வாரம் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தபிறகும் அவன் சாப்பாடுதான் தூக்கில் போனது.

அத்தைக்கு மட்டும் மனம் ஆறவில்லை. அப்பாவின் அக்கா, வாரம் தவறாமல் போன் செய்வாள். கறி சூப் கொடுக்கக் கூடாதா, அவள் என்ன ஆடா, தழையாகப் போடுகிறாயே என்பாள். ஒவ்வொரு முறையும் அவன் சரி என்று போனை வைத்துவிடுவான். அந்தக் கேள்வி மட்டும் வயிற்றில் தங்கிவிடும்.

இப்போது கட்டிலருகே நின்று நர்ஸம்மாவிடம் அதையே கேட்டான்.

"நான் போட்ட சாப்பாட்டுல ஏதாவது குறை இருந்துச்சாம்மா?"

அவர் அக்காவின் கையிலிருந்து ஊசியை மெதுவாகக் கழற்றிக்கொண்டிருந்தார். "போன வருஷம் முதல்ல காட்ட வந்தப்ப ரத்தம் ஏழு. போன மாசம் பத்து. மாத்திரையால மட்டும் அப்படி ஏறாது சார்" என்றார். "இதயத்துக்குத்தான் தெம்பு இல்லாம போச்சு."

மூன்று மணிக்குள் எல்லாம் முடிந்தது. மயானத்திலிருந்து திரும்பியபோது வீட்டில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். தூரத்திலிருந்து வந்தவர்கள், விடிந்ததிலிருந்து யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சித்தப்பா கடையில் பார்சல் சொல்லப் போனை எடுத்தார்.

"வேண்டாம் சித்தப்பா. பதினோரு மாசமா இந்த வீட்டுக்குள்ள கடைச் சாப்பாடு வரல. இன்னிக்கும் வராது."

இன்று ஒருநாள் ஓய்வெடுக்கச் சொல்லிப் பார்த்தார். அவன் அதற்குள் அரிசி களைந்துகொண்டிருந்தான். பூசணிக்காயைத் துண்டு போட்டான். கீரையை ஆய்ந்து, தண்டை நார் உரித்துப் பொடியாக நறுக்கினான். பெரிய பானையில் பருப்பு கொதித்தபோது, தூக்கைத் திறந்து காலையில் செய்ததையும் அதில் கொட்டிக் கலந்தான். கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு அடியில் ஒட்டியதையும் வழித்துப் போட்டான். அத்தை அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள்.

பரிமாறினான். முதல் கவளத்தை அத்தை நெடுநேரம் மென்றாள்.

"இதுல என்ன போட்டே?"

"கீரைத்தண்டு அத்தை."

"தூக்கிப் போடுறதையா?" என்றவள், இன்னொரு கவளத்தைப் பிசைந்துகொண்டே, "இதைத்தான் அவளுக்கும் குடுத்தியா?" என்றாள்.

"இதேதான்."

அத்தை தட்டை நீட்டினாள். அவன் இன்னொரு கரண்டி ஊற்றினான்.

எல்லோரும் எழுந்தபிறகு, தன் தட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்தான். ஏதோ கேட்க வந்த சித்தப்பா, அவன் சாப்பிடுவதைப் பார்த்துத் திரும்பிப் போனார். கீழே தெருவில் வாடகை நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டு, பருப்பை ஊற்றி, நிதானமாகப் பிசைந்தான்.