கனகமாலா திரும்ப வாங்கிய வார்த்தை

திருப்பருத்திக்குன்றத்தில் கனகமாலாவுக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, அவள் வாயிலிருந்து வந்த வார்த்தை திரும்பிப் போனதாகச் சரித்திரமே இல்லை. மாடு விற்கிற பேச்சானாலும் பெண் பார்க்கிற பேச்சானாலும், "கனகமாலா சொல்லிட்டாளா? அப்போ முடிஞ்சுது" என்பார்கள். இன்னொன்று, அவள் மகள் திரிசலா. காஞ்சிபுரம் வட்டாரத்துச் சமணக் குடும்பங்களில் ஆகாய விமானத்தில் வேலைக்குப் போன முதல் பெண் அவள்தான்.

"ஆகாசத்துல போயி காப்பி ஊத்தறதுக்கா பி.ஏ. படிச்சா?" என்று நாத்தனார் ஒரு தரம் கேட்டுவிட்டாள். "உன் பொண்ணு தரையில நின்னுக்கினே சிந்தறா. என் பொண்ணு ஆகாசத்துல நின்னு சிந்தாம ஊத்தறா" என்றாள் கனகமாலா. நாத்தனார் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வேலைக்கு அனுப்பும்போது கனகமாலா மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்று. பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடக் கூடாது. சமண வீட்டு விரதம், எந்தச் சீமைக்குப் போனாலும் மாறாது. அதிலும் ஒரு சிக்கல் வந்தது. சாயங்கால விமானம் பம்பாய்க்குப் பறக்கும்போது கீழே இருட்டிவிடுகிறது, மேலே சூரியன் இன்னும் தெரிகிறது, எதைக் கணக்கில் எடுப்பது என்று திரிசலா கேட்டாள். அப்பா ஆதிநாதன், கோயில் பண்டிதரைக் கேட்டு வரலாம் என்று சட்டையை மாட்டினார். அவர் பொத்தான் போடுவதற்குள் கனகமாலா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"நம்ம காஞ்சிபுரத்துச் சூரியன்தான் கணக்கு. மேல தெரியறது கம்பெனிச் சூரியன்."

அந்தக் கம்பெனியில்தான் இப்போது வேலைநிறுத்தம். அரபு தேசத்தில் எண்ணெய் விலையை ஏற்றிவிட்டார்களாம், விமானம் ஓட்டிக் கட்டுப்படி ஆகவில்லையாம். அதனால் ஒரு விமானத்துக்கு நாலு பணிப்பெண்கள் என்றிருந்ததை மூன்றாக்கிவிட்டார்கள். எண்ணெய் விலை ஏறியதால் பயணிகள் குறைந்தார்களா, தூக்குகிற தட்டு குறைந்ததா? ஒரு மண்ணும் இல்லை. நாலு பேர் வேலையை மூன்று பேர் ஓடி ஓடிச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். பெண்கள் எல்லாரும் மீனம்பாக்கத்தில் கம்பெனி வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு வாரமாக அங்கே இருந்த திரிசலா, மாற்றுத் துணி எடுத்துப் போக வீட்டுக்கு வந்திருந்தாள்.

மோப்பம் பிடித்ததுபோல அன்று பிற்பகலே வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் முரளீதரன், கம்பெனியின் பெரிய அதிகாரி. சின்னக் காஞ்சிபுரத்துக்காரர். ஊர்க்காரர் சொன்னால் எடுபடும் என்று அவரைப் பிடித்து அனுப்பியிருந்தார்கள். திரிசலா கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவர் அவளைத் தேடவே இல்லை, கூடத்தில் உட்கார்ந்து கனகமாலாவிடமே பேசினார்.

"உங்க பொண்ணு நன்னா வேலை செய்யறவ. அவ விரதமும் எனக்குத் தெரியும். நாளைக்குக் கார்த்தால ஃப்ளைட்ல ஏறிட்டாள்னா, இனிமே அவளுக்குப் பகல் ஃப்ளைட் மட்டுந்தான். தினமும் அஸ்தமனத்துக்கு முன்னாடி நிம்மதியாச் சாப்பிடலாம். அது என் பொறுப்பு."

கனகமாலாவுக்குக் கண் தளும்பிவிட்டது. மகளுக்குச் சாயங்கால விமானம் என்று தெரிந்த நாளெல்லாம் பிள்ளை சாப்பிட்டாளோ பட்டினியோ என்று அவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தவள். கும்பிட்ட தெய்வமே காரில் வந்து இறங்கியதுபோல இருந்தது. முன்பின் யோசிக்கவில்லை.

"வருவா சார். நான் சொல்றேன், நாளைக்கு வருவா."

"அவளை ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்த ஆதிநாதன், மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஈரக் கையோடு வந்து நின்ற திரிசலா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கனகமாலா சமாளித்திருப்பாள்.

"ம்மா, இத்தனை வருஷமா சாயங்கால ஃப்ளைட்ல நான் எப்படிச் சாப்புட்டேன்னு நெனச்சுக்கினு இருக்கே?"

"ஏன், டிபன் டப்பாவைத் தொறந்துதான்."

"தொறக்க நேரம் ஏது? ஜனங்க கூப்டுக்கினே இருப்பாங்க. பெரம்பூர் பிலோமினா இருக்கறா இல்ல? பொழுது சாயறதுக்குள்ள என்னைத் தெரைக்குப் பின்னால உக்கார வெச்சுட்டு, என் பக்கத்து ஜனங்களையும் அவளே ஓடிப் பாத்துக்குவா. நாலு பேரா இருந்ததால முடிஞ்சுது. உனக்கு நான் குடுத்த வாக்கை அவதாம்மா காப்பாத்துனா. வேலைநிறுத்தத்தை விட்டுட்டு நான் பகல் ஃப்ளைட்டுக்குப் போயிட்டா, சாயங்காலத்துல மூணு பேரா ஓடிச் சாவப்போறதும் அவதான்."

கனகமாலாவுக்கு வெட்கமாக இருந்தது. வேறொருத்தி பெற்ற பிள்ளை தன் பிள்ளையின் சோற்றுக்காக ஓடியிருக்கிறாள். அது தெரியாமல், அவள் தலையிலேயே பாரத்தை ஏற்றிவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

முரளீதரன் எழுந்தார். "அம்மா, நீங்க வாக்குக் கொடுத்துட்டேள். கனகமாலா சொன்னா சொன்னதுதான்னு சின்னக் காஞ்சிபுரம் வரைக்கும் தெரியும்."

எல்லாம் விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார் மனுஷர். அடிமடியிலேயே கை வைத்தார். கனகமாலா தலை குனிந்து ஆதிநாதன் பார்த்ததே இல்லை, அன்று பார்த்தார். ஆனால் குனிந்த தலை நிமிர்ந்தது.

"ஆமா சார், குடுத்தேன். என் பொண்ணு வயித்தை மட்டும் பாத்துக் குடுத்துட்டேன். இப்போ திருப்பி வாங்கிக்கறேன். வாக்குத் தப்புனதுக்கு நாளைக்கு எனக்கு உபவாசம், பச்சத்தண்ணி கெடையாது. அந்தப் பாவத்தை நான் கழிச்சுக்கறேன். அவ வர மாட்டா."

"வேலை போயிடும்மா."

"போவட்டும் சார்."

கார் போனதும் ஆதிநாதன், "சொன்ன சொல்லை விட்டுட்டியே" என்றார். குறையாகச் சொல்லவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து மனைவியைப் பற்றி அவர் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை, அதை வேறெப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் பிற்பகல் கனகமாலா பெரிய தூக்கில் புளிச்சோறு கட்டிக்கொண்டு மகளோடு மீனம்பாக்கம் போனாள். தான் பட்டினி, அங்கே உட்கார்ந்திருந்த பெண்களுக்கெல்லாம் சோறு. வெயில் இறங்கும் நேரம், கோஷம் போட்டுத் தொண்டை கட்டிப்போன ஒல்லிப் பெண் ஒருத்தி மேற்கே பார்த்தாள். திரிசலா கையிலிருந்த கோரிக்கை அட்டையைப் பிடுங்கினாள்.

"ஏய், பொழுது போவுது. ஓடு, போயிச் சாப்புடு!"

யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அதுதான் பிலோமினா என்று கனகமாலாவுக்குத் தெரிந்துவிட்டது. நேராக அவளிடம் போய், திரிசலாவின் அட்டையோடு அவளுடைய அட்டையையும் வாங்கிக்கொண்டாள்.

"நீயும் போயிச் சாப்புடுமா. இன்னைக்கு எனக்கு உபவாசம், கை சும்மாதான் இருக்குது."

"ஐயோ, உங்களுக்கு எதுக்கும்மா..."

"போன்னா போ."

அட்டையில் இருந்த இங்கிலீஷ் கனகமாலாவுக்குப் படிக்கத் தெரியாது. ஒன்றைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். பிலோமினா சிரித்துக்கொண்டே அதை நிமிர்த்திவிட்டு ஓடினாள்.

அந்த நேரம் பார்த்துக் கம்பெனி கேட் திறந்து முரளீதரனின் கார் வெளியே வந்தது. வாசலில் நிற்பவளைப் பார்த்ததும் வண்டி நின்றது. அவர் கண்ணாடியை இறக்கினார்.

"நீங்க இங்க என்ன பண்றேள்மா?"

"மூணு பேரு பத்தாதுன்னு சொன்னாங்க சார்" என்றாள் கனகமாலா. "நாலாவது ஆளா நான் வந்திருக்கறேன்."