மாதையனை உட்கார வைத்த ஆட்டம்

அந்த வருஷம் அம்மாபேட்டைச் சடுகுடு அணி பதினோரு ஆட்டம் ஆடியது, ஒன்றில்கூடத் தோற்கவில்லை. பன்னிரண்டாவதாக மேச்சேரியில், அந்த ஊர் ஜமீனான மிட்டாதார் நடத்திய பந்தயத்தில் தோற்றது. தோற்றதைக்கூட ஊர் பொறுத்துக்கொண்டிருக்கும். தோற்ற விதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

கடைசியில் இரண்டு பக்கமும் சமமாக நின்றன. எதிர்ப்பக்கம் பாடிப் போக ஒரே ஒரு பாட்டுத்தான் பாக்கி. மூச்சுப் பிடித்துப் பாடிப் போவதில் மாதையனுக்கு இணையாகச் சேலம் ஜில்லாவிலேயே ஆள் கிடையாது. ஆனால் மானேஜர் அர்த்தநாரி அவனைப் பாதி ஆட்டத்திலேயே வெளியே கூப்பிட்டு, கோட்டோரம் உட்கார வைத்துவிட்டார். கடைசிப் பாட்டுக்கும் அவனை எழுப்பவில்லை. கணுக்கால் வீங்கிக் கிடந்த சின்னுசாமியை அனுப்பினார். அவன் நடுக்கோட்டைத் தாண்டி நாலடி வைப்பதற்குள் மேச்சேரிக்காரர்கள் அமுக்கிவிட்டார்கள். பரிசுக் கிடாய்க்கு மாலை போட்டு மைதானத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டு போனார்கள்.

அம்மாபேட்டையில் நூல் சாயக்கடை வைத்திருந்த முகம்மது ஹனீப் அந்தப் பன்னிரண்டு ஆட்டத்துக்கும் போனவர். அர்த்தநாரியும் அவரும் இருபத்திரண்டு வருஷத்துச் சினேகிதர்கள். ஆட்டம் முடிந்ததும் அர்த்தநாரி அவரைப் புளியமரத்தடிக்கு ஒதுக்கிக்கொண்டு போனார்.

"மாதையனுக்கு நெஞ்சுல கோளாறு, ஹனீப். போன வாரம் வைத்தியர் சொன்னாரு. அவனுக்கே தெரியாது. ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட்டுராதே."

ஹனீப் தலையாட்டினார். திரும்பும் பஸ்ஸில் அர்த்தநாரி ஏறவில்லை. மிட்டாதார் வீட்டில் விருந்துக்கு நிறுத்திக்கொண்டார்களாம். மாதையன் பின் சீட்டில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு கிடந்தான். மற்றவர்கள் ஓமலூர் வரைக்கும் ஓயவில்லை.

"ஏனுங்க பாய், நொண்டிக்கால்காரனை அனுப்பறதுக்கு ஒரு மானேஜரு வேணுமா?" என்றார் கருப்பண்ணன். அவர் தறி நெய்கிறவர். ஹனீப்பின் கடையில் தினமும் வந்து உட்காருகிறவர். "அந்தப் பாட்டுக்கு மாதையன் போயிருந்தா கெடா இப்ப இந்த பஸ்ஸுல இருக்கும்."

"அர்த்தநாரி காரணமில்லாம ஒண்ணும் செய்ய மாட்டான்."

"அந்தக் காரணத்தைத்தான் சொல்லுங்களேன்."

ஹனீப் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு சாயக்கடையில் வேறு பேச்சே இல்லை. பதினோரு ஆட்டத்தையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டு அலசினார்கள். ராசிபுரத்தில் மாதையனை முதலில் அனுப்பியது சரி என்றால் மேச்சேரியில் ஏன் அனுப்பவில்லை? திருச்செங்கோட்டில் காய்ச்சலோடு ஆடினவனை இங்கே ஏன் உட்கார வைக்க வேண்டும்? ஹனீப் தனி ஆளாக எல்லோருக்கும் பதில் சொன்னார். இரண்டு பேர் கடைக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். மனைவி மஸ்தான் பீவி, "ஊரோட எதுக்கு மல்லுக்கு நிக்கிறீங்க?" என்று சலித்துக்கொண்டாள்.

ஒரு நாள் கருப்பண்ணன் நேராகவே கேட்டுவிட்டார். "உங்க சினேகிதன் ஆட்டத்தைக் காட்டிக் குடுத்துப்போட்டான். நீங்க அதை மூடி மறைக்கறீங்க. அப்ப உங்களுக்கும் இதுல பங்கு இருக்குதுன்னுதானே அர்த்தம்?"

ஹனீப்புக்குக் காதெல்லாம் சுட்டது. "வாயை அடக்கு, கருப்பண்ணா. மாதையனுக்கு நெஞ்சுல கோளாறு. இன்னொரு பாட்டுப் போயிருந்தா அங்கியே உழுந்திருப்பான். அவன் உசுரைக் காப்பாத்துனவனைத்தான் நீ இத்தனை நாளாத் திட்டறே."

கருப்பண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோமே என்று ஹனீப்புக்கு உறுத்தினாலும், சினேகிதனின் பெயர் சுத்தமானதில் மனசு லேசானது.

பத்து நாள் கழித்து மாதையன் வந்தான். கடைக்குள் ஏறாமல் தெருவிலேயே நின்றான்.

"எனக்கு நெஞ்சுல நோவுன்னு சொன்னது நீங்களாமா?"

ஹனீப் எழுந்து நின்றார். "உனக்கு நல்லதுக்குத்தான்..."

"கொண்டப்பநாயக்கன்பட்டியில பொண்ணுக் குடுக்கறதா இருந்தவங்க நிச்சயத்தை முறிச்சுட்டாங்க. நான் மூட்டை தூக்கற மண்டியில மேஸ்திரி என்னை மூட்டை மேல கை வெக்க உடமாட்டேங்கறாரு. நான் எந்த வைத்தியர்கிட்டயும் போனதில்லீங்க." அவன் குரலை உயர்த்தவே இல்லை. "அன்னைக்கு மூணு தடவை, நான் போறேன்னு கேட்டேன். உக்காருடான்னாரு மானேஜரு. ஏன்னு உங்களுக்குத் தெரியும், நாயமா ஊருக்குச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

அவன் போன பிறகு ஹனீப் கடையைச் சாத்தினார். நேராக அர்த்தநாரி வீட்டுக்குப் போனார். அர்த்தநாரி நூல் சிட்டத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் மகனை அங்கே காணவில்லை.

"பையன் எங்கே?"

"மேச்சேரியில. மிட்டா கச்சேரியில குமாஸ்தா வேலை." அர்த்தநாரி நிமிரவில்லை. "மூணு வருசமா வேலையில்லாமச் சுத்துனான், ஹனீப். அதுக்கு மிட்டாதாரு கேட்டது ஒரே ஒரு ஆட்டம். அதுல ஆரு செத்துப்போயிட்டாங்க?"

"எங்கிட்ட எதுக்குப் பொய் சொன்னே?"

"நான் சொன்னா ஊரு நம்பாது. நீ சொன்னா நம்பும்."

"ஒருத்தர்கிட்டயும் சொல்லாதேன்னு நீதானே சொன்னே?"

"உன்னை எனக்குத் தெரியாதா? என்னை ஒருத்தன் ஒரு வார்த்தை சொன்னா நீ பொறுக்க மாட்டே."

அடித்திருந்தால்கூட ஹனீப் தாங்கியிருப்பார். இருபத்திரண்டு வருஷமாகத் தன்னை அறிந்த ஒருவன், அந்த அறிவை வைத்தே தன்னைத் தூண்டிலில் மாட்டியிருக்கிறான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

அன்றைக்கே கடையில் எல்லோரையும் கூட்டி நடந்ததைச் சொன்னார், தான் ஏமாந்ததையும் சேர்த்து. மறுநாள் கருப்பண்ணனை அழைத்துக்கொண்டு கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் போனார். பெண்ணின் அப்பா செங்கோடன் கட்டில் போட்டு உட்கார வைத்து மோர் கொடுத்தார். முழுவதையும் கேட்டார்.

"அல்லா மேல ஆணையாச் சொல்றேன். அவன் கல்லு மாதிரி இருக்கறான்."

"நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லலீங்க, பாய். ஆனா நோவு இருக்குதுன்னும் நீங்க சொன்னதாத்தான் கேட்டோம். இல்லைன்னும் நீங்கதான் சொல்றீங்க." செங்கோடன் மலைப்பக்கம் பார்த்தார். "நாளைக்கு அவனுக்கு ஒரு இருமல் வந்தாக்கூட எம்பொண்ணு ராசாத்தி பதறுவா. ஒரு தடவை காதுல உழுந்தது உழுந்ததுதானுங்களே."

திரும்பி வரும் வழியெல்லாம் கருப்பண்ணன்தான் பேசிக்கொண்டே வந்தார்.

ஊர் அர்த்தநாரியை அணியிலிருந்து விலக்கியது. அவர் குடும்பத்தோடு மேச்சேரிக்கே போய்விட்டார். மாதையன் மண்டியில் மேஸ்திரி முன்னால் இரண்டு மூட்டையைச் சேர்த்துத் தூக்கிக் காட்டி வேலையைத் திரும்ப வாங்கினான். ஆனால் அம்மாபேட்டைக்காக மறுபடி ஆடவில்லை. அடுத்த தையில் ஆத்தூர்ப் பக்கம் பெண் எடுத்து அங்கேயே குடியேறினான். கல்யாணத்துக்கு ஹனீப்புக்கு அழைப்பு வரவில்லை.

அந்த வருஷம் ஆத்தூர் அணி அம்மாபேட்டைக்கு ஆட வந்தது. முதல் பாட்டுக்கே மாதையன் வந்தான். ஒரே மூச்சில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். கூட்டம் தன்னை மறந்து கை தட்டியது.

"பாய், நம்ம பக்கத்துல இப்ப ஆரை அனுப்பறது சரிங்கறீங்க?" என்று கருப்பண்ணன் ஆவலாகக் கேட்டார்.

"எனக்குத் தெரியலே, கருப்பண்ணா."

தண்ணீர் குடிக்க மாதையன் கோட்டோரம் வந்தான். ஹனீப் நின்ற இடத்துக்குப் பக்கத்தில்தான் பானை இருந்தது. அவன் அவரைப் பார்த்தான். பிறகு மைதானத்தைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் அங்கே இருந்தவர்களிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தான்.