தராசில் தொங்கிய கடைசல் மெஷின்

என் கணவர் யோகநாதன் இன்சூரன்ஸ் கம்பனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஓய்வோடு அவருக்கு மரம் கடைகிற பைத்தியம் பிடித்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரன் மரக்கட்டையைச் சுழலவிட்டுக் கிண்ணம் கடைகிற வீடியோவை வாய் பிளந்து பார்ப்பார். பொரளையில் ஒரு பட்டறைக்குப் பழகப் போய், முட்டை வைக்கிற கிண்ணம் ஒன்று கடைந்துகொண்டு வந்தார். அதில் முட்டை நிற்காது. பட்டறை மெஷின் சரியில்லையாம். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

இந்த நேரத்தில்தான் டொரொன்டோவில் மகள் ரூபிகாவுக்குப் பிள்ளை பிறந்தது. வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். "அம்மா, உங்கட சரக்குக்கறி சாப்பிட்டாத்தான் எனக்கு உடம்பு தேறும். தூளை மறக்காமல் கொண்டு வாங்கோ" என்று போனில் அழுதாள். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் எல்லாம் காயவைத்து, பிள்ளைப்பெற்ற உடம்புக்கென்று இடிக்கிற தூள் அது. வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் மொட்டைமாடியில் காகம் கலைத்துக் கலைத்துக் காயவைத்தேன்.

அவருக்கோ வேறு யோசனை. கனடாவில் மேப்பிள் மரம் சும்மா கிடக்குமாம், அதைக் கடையச் சின்னக் கடைசல் மெஷின் ஒன்று கையோடு கொண்டுபோக வேண்டுமாம்.

கொட்டாஞ்சேனையில் நபீஸின் ஹார்ட்வெயார் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வெளிநாடு போகிற வெள்ளவத்தைக்காரர் வீடுகளில் இருக்குமே, பெட்டியைக் கொளுவித் தூக்கி நிறுக்கிற தராசு, அதைப் பொக்கற்றில் வைத்திருந்தார். ஒவ்வொரு மெஷினுக்கும் கயிறு கட்டித் தராசில் தொங்கவிட்டார்.

"ஸ்விட்ச போட்டுப் பாக்க வேணாமா சேர்?" என்றார் நபீஸ்.

"அது பிறகு. பயணத்துக்குப் பாரந்தான் முக்கியம்."

"இத நல்ல பாரமான மேசைல பூட்டணும் சேர். இல்லாட்டி மெஷினும் சேந்து ஆடும்."

"மேசையை அங்க பாப்பம்."

ஒருவழியாக ஒன்றைத் தெரிவுசெய்தார். பெண் பார்க்க வந்தபோதுகூட என்னை இவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

பெட்டி அடுக்கினோம். டொரொன்டோவில் இருக்கிற அவருடைய அக்காமார் தங்கைமாருக்கென்று உறவுகள் தந்துவிட்ட வடகமும் பனங்கட்டியும் என் பெட்டியை நிரப்பின. அவற்றில் ஒன்றைக் குறைத்தாலும் குடும்பம் இரண்டாகிவிடும். அவர் பெட்டிக்குள் மெஷின். சரக்குத்தூள் கட்டிலில் மிஞ்சிக் கிடந்தது.

"உதுகளை அங்க தமிழ்க் கடையில வாங்கலாம்" என்றார்.

"மெஷினும் அங்க வாங்கலாந்தானே?"

"இந்த மொடல் இல்லை. உமக்கு விளங்காது."

எனக்கு நன்றாகவே விளங்கியது. பற்றிக்கொண்டு வந்தது. அவர் தலைமயிர் வெட்ட சலூனுக்குப் போன நேரம், மெஷினை அதன் அட்டைப்பெட்டியிலிருந்து தூக்கி, முன்வீட்டு நிலூஷாவின் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். அட்டைப்பெட்டிக்குள் சரக்குத்தூளையும் உள்ளிப்பூண்டையும் நல்லெண்ணெய்ப் போத்தல்களையும் அடுக்கி, அவருடைய தராசிலேயே நிறுத்துப் பாரத்தைச் சரிக்கட்டி, பழையபடி டேப் ஒட்டிக் கயிறு கட்டினேன். சரக்குக்கறிக்குப் போடுகிற சுறாக் கருவாட்டை மட்டும் வைக்கவில்லை, மணம் காட்டிக்கொடுத்துவிடும்.

டொரொன்டோவில் அவர் குளிக்கப் போன நேரம் சரக்கை வெளியே எடுத்துவிட்டு, பழைய துணியை அடைத்து மறுபடி கட்டினேன். ரூபிகா கறியும் சோறுமாகச் சாப்பிட்டு, எழும்பி நடந்து, முகம் தெளிந்தாள். அதைப் பார்த்தபிறகு கள்ளம் செய்தேன் என்ற கவலை எனக்குத் துளியும் இல்லை. பயம் மட்டும் இருந்தது. இன்றைக்குத் திறப்பார், நாளைக்குத் திறப்பார் என்று அட்டைப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ மெஷினைப் பூட்டத் தோதான மேசை எதுவென்று வீடியோ பார்த்தார். கோடை முழுக்கப் பார்த்தார். மேசை அமையவில்லை.

வெள்ளவத்தைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக மெஷினை எடுத்து அட்டைப்பெட்டிக்குள் வைக்க நினைத்திருந்தேன். அதற்குள் மேல்மாடி ஜொனாதன் வந்துவிட்டார். மெல்பேர்னுக்குப் போக இருக்கிற அவருக்கும் இந்தப் பைத்தியம் தொற்றியிருந்தது.

"எப்பிடி யோகா, கொண்டுபோய் வரச் சுகமோ?"

என் கணவர் கயிற்றில் ஒரு விரலைக் கொளுவி, அட்டைப்பெட்டியை அலாக்காகத் தூக்கிக் காட்டினார்.

"போகேக்க கொஞ்சம் பாரமாத்தான் இருந்தது. வரேக்க பஞ்சு. நல்ல மெஷின் எண்டா அப்பிடித்தான், பழகப் பழகப் பாரம் தெரியாது."

ஜொனாதன் மொடலைக் கேட்டறிந்து, தராசையும் இரவல் வாங்கிக்கொண்டு போனார்.

நான் தேத்தண்ணி போட உள்ளே போனேன். மெஷின் நிலூஷாவின் கட்டிலுக்குக் கீழேயே கிடக்கட்டும். ரூபிகாவுக்கு இன்னொரு பிள்ளை பிறக்காமலா போகும், அந்தப் பெட்டி எனக்கு வேண்டும்.