மின்னாவின் சட்டையில் விழுந்த முடிச்சு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளா. ஒரு கதை வைத்திருக்கிறேன். பட்டப்பகலில் நடந்த கதைதான். ஆனாலும் பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பெர்த் நகரத்தில், கடலை ஒட்டிய பகுதியில், யூதர்களின் ஒரு சின்ன ஜெப ஆலயம். அதன் பின்னறையில் புதன்கிழமைதோறும் ஏழெட்டுப் பெண்கள் கூடி, இறந்தவர்களுக்கு உடுத்தும் வெள்ளை உடுப்பைத் தைப்பார்கள். கூலி கிடையாது. பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே துணி. சட்டைப்பை வைப்பதில்லை, போகிறவர் கொண்டுபோக என்ன இருக்கிறது? நூலில் முடிச்சும் போடுவதில்லை. நுனியைத் திரும்பத் திரும்பக் குத்தித்தான் நிறுத்துவார்கள். போகிறவர் எதிலும் கட்டுண்டு நிற்கக் கூடாதல்லவா?

ஜெனியா ஜோகன்னஸ்பர்க்கில் முப்பது வருஷம் திரைச்சீலை தைத்தவள். புருஷன் போன பிறகு இங்கே வந்து, பேச ஆளில்லாமல், ரேடியோவைப் பாட விட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளை அந்த அறைக்கு இழுத்து வந்தது மின்னா.

மின்னா எழுபத்தெட்டு வயசுக் குருவி. செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஆலயத்து ஆட்களை ஒருவர் பின் ஒருவராகப் போனில் பிடிப்பாள். ஜெனியாவின் முறை பத்து மணி. "என்னடி, உயிரோட இருக்கியா? நாளைக்கு ஊசியை எடுத்துட்டு வா. அழுகை வந்தா இங்க வந்து அழு, துணைக்கு நாங்க இருக்கோம்."

எட்டு மாதம் அப்படி ஓடியது. பிறகு ஒரு பிப்ரவரி ஞாயிறில் மின்னாவே போய்விட்டாள். திங்கள் காலையில் அவசரமாக உடுப்புத் தைத்தார்கள். சட்டையின் இடது கை ஜெனியாவின் மடியில் விழுந்தது. கண்ணீர் மறைக்க மறைக்கத் தைத்தாள். மதியத்துக்குள் அடக்கம் முடிந்தது.

மறுநாள் செவ்வாய். பத்து மணிக்கு ஜெனியாவின் போன் அடித்தது. எண் எதுவும் தெரியவில்லை. எடுத்தாள். பேச்சு இல்லை, மூச்சும் இல்லை. துணிக்குள் நூல் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. சர்ர்... டக். எதிலோ இடறி நின்றது. மறுபடி சர்ர்... டக்.

ஜெனியா தன் விரல்களைக் குனிந்து பார்த்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், முப்பது வருஷப் பழக்கத்தில், இல்லாத நூலை உருட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. அப்போதுதான் நினைவு வந்தது. மின்னாவின் சட்டைக் கையிலும் அவள் இதைத்தான் செய்திருந்தாள்.

யாரிடம் சொல்வது? சொன்னால் அந்த அறையை விட்டு அனுப்பிவிடுவார்கள், மறுபடி ரேடியோதான் துணை. சொல்லாவிட்டால்? செவ்வாய்தோறும் போன் அடித்தது. கழற்றிப் போட்ட ஏப்ரனின் நாடா காலையில் முடிச்சிட்டுக் கிடந்தது. தோட்டத்து ரப்பர் குழாய் முடிச்சிட்டுக்கொண்டது. சீப்பில் வந்த ஒற்றை நரைமுடியிலும் ஒரு முடிச்சு.

பின்னறையிலும் ஆட்கள் குறைந்தார்கள். கூப்பிட யாருமில்லை. எட்டுப் பேர் ஐந்தானார்கள், ஐந்து மூன்றானது. நான்காவது புதன்கிழமை, தையலுக்குத் தலைவியான பெசி மட்டும் தனியாகத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். ஜெனியா நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

பெசி கத்தரியைக் கீழே வைத்தாள். "முடிச்சு போடாதேன்னு எட்டு மாசமா தொண்டை கிழியக் கத்தினேன். மத்த யாருக்கும் போடாம, போயும் போயும் மின்னாவுக்கா போட்டே?"

"நான் இனிமே வர வேண்டாம்னா சொல்லிடுங்க, பெசி."

"ஓ, தப்பிச்சு ஓடலாம்னு பாக்கிறியா? இங்க ஆளில்லாம நான் ஒத்தையில வெட்டிக்கிட்டு இருக்கேன்." பிறகு குரல் இறங்கியது. "செத்தவங்களுக்குத் தப்பு செஞ்சா நம்ம சட்டத்திலயே வழி இருக்கு, செல்லம். பத்துப் பேரைக் கூட்டிட்டுப் போய் கல்லறை முன்னாடி நிறுத்தணும். அந்தப் பத்துப் பேர் காதுபடத் தப்பைச் சொல்லி மன்னிப்புக் கேக்கணும்."

"பத்துப் பேரா? எனக்கு உங்களை விட்டா யாரைத் தெரியும்?"

பெசி அலமாரியிலிருந்து மின்னாவின் நோட்டை எடுத்து நீட்டினாள். "நான் ஒண்ணு. மிச்சம் ஒன்பது பேரை நீ கூப்பிடு. செஞ்சது நீ, கேக்க வேண்டியதும் நீதான்."

வாழ்நாளில் யாரையும் எதற்கும் கூப்பிடாதவள் அன்று மாலை போனை எடுத்தாள். முதல் பெயர் ஸெலிக், கடை மூடிவிட்டு வீட்டோடு இருக்கும் பழைய ரொட்டிக்காரர்.

"கல்லறைக்கா? என் முட்டி என்ன பாடு படுதுன்னு தெரியுமா உனக்கு? அங்க நிரந்தரமா போகத்தானே போறேன், இப்ப என்ன அவசரம்?"

ஜெனியா முடிச்சைப் பற்றிச் சொன்னாள். போனைப் பற்றியும் சொன்னாள்.

"செவ்வாய்க்கிழமையா?" என்றார் ஸெலிக். "பத்து மணிக்கா?"

"ஆமா."

"எனக்கு ஒன்பதுக்குத்தான் கூப்பிடுவா. இப்ப பத்துக்கு அடிக்குது. சர்ருங்குது, டக்குனு நின்னுபோவுது. காது கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். சொன்னா பிள்ளைங்க என்னை முதியோர் ஹோமுல போட்டுடுவாங்கன்னு வாயே திறக்கலம்மா."

ஜெனியா அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். அங்கும் அதே பதில். அதற்கடுத்த வீட்டிலும் அதே. ஒருத்தி அழுதாள், ஒருத்தர் திட்டினார். அத்தனை பேரும் ஒரு மாதமாகத் தனித்தனியாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ஒருவருக்கொருவர் சொல்லாமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். மின்னா உயிரோடிருந்தபோது ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிட்டாள். இப்போது எல்லோரையும் ஒரே நேரத்தில் கூப்பிடுகிறாள்.

அடுத்த செவ்வாய் காலை, கிழக்குக் காற்று அனலாய் வீச, மின்னாவின் மண்மேட்டைச் சுற்றி நின்றார்கள். தலைக்கல் இன்னும் வைக்கவில்லை. ஆட்களை ஒன்று இரண்டு என்று எண்ணக் கூடாது என்பது வழக்கம். பத்துச் சொல் உள்ள ஒரு ஜெப வரியை, ஆளுக்கொரு சொல்லாக பெசி சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசிச் சொல்லுக்கு ஆளில்லை.

"இருங்க இருங்க, என்னை விட்டுட்டு மன்னிப்புக் கேட்டுடாதீங்க!" கைத்தடியோடு ஸெலிக் வந்து சேர்ந்தார்.

மணி பத்தானது.

பத்துப் பேர் பையிலும் ஒரே நொடியில் போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. எடுக்காமலே அந்தச் சத்தம் வந்தது. சர்ர்... டக். சர்ர்... டக். ஜெனியாவின் போன் மட்டும் ஊமையாக இருந்தது.

அவள் முன்னே வந்தாள். "இஸ்ரவேலின் தேவனுக்கும், டோவின் மகள் மின்னாவுக்கும் நான் தப்பு செஞ்சேன். உன் சட்டையோட இடது கையில முடிச்சு போட்டுட்டேன் மின்னா. என்னைத் துரத்திடுவாங்கன்னு பயந்து மறைச்சேன். மன்னிச்சுடு. போயிட்டு வா."

"மன்னிச்சாச்சு," என்றார்கள் பத்துப் பேரும்.

சர்ர்ர்ர்ர்... நூல் நீளமாக ஓடியது. இந்தத் தடவை இடறவில்லை. ஓடி ஓடித் தேய்ந்து, காற்றோடு காற்றாகிவிட்டது. போன்கள் அடங்கின. ஆளுக்கொரு கூழாங்கல்லை மேட்டின்மேல் வைத்துவிட்டு, வாசல் குழாயில் கை கழுவிக்கொண்டு, முதல் தடவையாக ஒரே கும்பலாகப் பேசிக்கொண்டே போனார்கள்.

அடுத்த செவ்வாய் பத்து மணிக்கு ஜெனியா போன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அது அடிக்கவில்லை. மணி பத்து ஐந்து ஆகியும் அடிக்கவில்லை. அந்த அமைதி அவளுக்குச் சத்தத்தைவிடக் கொடுமையாக இருந்தது. நோட்டைத் திறந்து முதல் எண்ணைப் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"மின்னாவா?" என்றார் ஸெலிக்.

"நான் ஜெனியா. என்ன, உயிரோட இருக்கீங்களா? நாளைக்கு வாங்க. ஊசி பிடிக்கத் தெரியாட்டி கேக் கொண்டு வாங்க."

"அட பாவி," என்றார் கிழவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அரை மணியா போன் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்."

என் கண்ணுகளா, உங்கள் வீட்டில் கூப்பிடும் குரல் ஓயாதிருக்கட்டும். கூப்பிட்டால் ஏன் என்று கேட்க ஆள் இருக்கட்டும். போகவேண்டியவர் தடையில்லாமல் போகட்டும், இருப்பவர் ஒருவரையொருவர் விடாமல் நன்றாக இருக்கட்டும்.