தொட்டிக்கு இரண்டு கை உரம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஓர் உரப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தபோதுதான் இந்தக் கதை தோன்றியது. 'தக்காளி நாற்று வேர் பிடித்த பின், தண்டை ஒட்டாமல் சுற்றிலும் குருணை உரத்தை அளவாகத் தூவி, நீர் விடவும்.' அந்த 'அளவாக' என்ற சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பொழுது புலர்ந்தது. பனித்துளிகள்—'

வேண்டாம். நம்ம பல் டாக்டர் அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்கிறவர் இல்லை.

2

டாக்டரின் மனைவி வேலை நிமித்தம் வெளிநாடு போயிருந்தாள். வீட்டில் மிச்சம் அவரும் மாமியாரும். ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்கிறவர், மாமியார் முன்னால் வாயைத் திறக்க மாட்டார். (இந்த வரி எனக்கே பிடித்துவிட்டது. அதனால் சந்தேகமாக இருக்கிறது.)

"சாப்பிட்டீங்களா அத்தை?"

"ஆச்சு மாப்ள."

அதோடு அன்றைய பேச்சு தீர்ந்தது.

பால்கனித் தொட்டிகளில் தக்காளி நட்டுவிட்டு, "பார்த்துக்கோங்க" என்று சொல்லிப் போயிருந்தாள் மனைவி. இருவரிடமும். தனித்தனியாக.

3

இலைகளின் ஓரம் கருக ஆரம்பித்தது. சத்துப் பற்றவில்லை என்று டாக்டர் இன்னும் கொஞ்சம் உரம் போட்டார். கருகல் கூடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கரண்டியும் கையுமாகப் பால்கனிக்குப் போனால், அங்கே மாமியார் குனிந்து உரம் தூவிக்கொண்டிருக்கிறார்.

"அத்தை, நீங்களும் போடுறீங்களா?"

"நட்டதுலேருந்து போடுறேன். நீங்க?"

"நானுந்தான். என்கிட்டதானே சொல்லிட்டுப் போனா? 'அம்மா மறந்துடுவாங்க'ன்னு சொன்னாளே!"

"என்கிட்ட, 'அவரை நம்பாதேம்மா'ன்னா."

இங்கே ஒரு சண்டை வைத்திருந்தேன். 'மாமியார் முகம் சிவந்து—' என்று எழுதியும் விட்டேன். ஆனால் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறவரை என்ன செய்வது? டாக்டரும் சிரித்தார். நான் சண்டையை அடித்துவிட்டேன்.

4

இரட்டிப்பாகிவிட்ட உரத்தை டாக்டர் மேல்மண்ணோடு வழித்தெடுத்தார்.

"பல்லைச் சுரண்டுற மாதிரி பயந்து பயந்து செய்யாதீங்க மாப்ள. நல்லா வழிங்க."

"வேர் அறுந்துடும் அத்தை."

மாமியார் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். மண்ணுக்குள் கரைந்திருந்த உரம் தொட்டியின் அடி ஓட்டை வழியே வெளியேறியது.

"அவ இல்லாம வீடே ஒரு மாதிரி இருக்கு மாப்ள."

"எனக்கும் அப்படித்தான் அத்தை. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

(இதற்கு மேல் இங்கே நான் நுழையவில்லை.)

செல்போன் அடித்தது. மனைவி. "செடி எப்படி இருக்கு?"

"அருமையா இருக்கு!" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

5

செடி பிழைத்ததா? ஒரு முடிவில் துளிர்க்கிறது. இன்னொன்றில், இருவரும் சத்தமில்லாமல் நர்சரிக்குப் போய் அதே உயரத்தில் செடி தேடுகிறார்கள். இரண்டையும் எழுதிப் பார்த்து வைத்துவிட்டேன். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

உரம் மட்டும் போட்டுவிடாதீர்கள்.