ஏரியிலிருந்து எழுந்த கை

ஆர்தர் ராஜாவின் வாள் எங்கள் ஊர் ஏரியில்தான் கிடக்கிறது. மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் தங்கள் ஏரியில் கிடப்பதாகச் சொல்வார்கள். வேல்ஸில் ஏரி வைத்திருக்கிற எல்லா ஊரும் அப்படித்தான் சொல்லும், அதையெல்லாம் நாங்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை. அதனால் லண்டன் சினிமாக்காரர்கள் அந்தக் கதையைப் புதிதாகப் படமெடுக்க எங்கள் கரையில் லாரிகளோடு வந்து இறங்கியபோது, ஊரே வழக்கில் ஜெயித்ததைப் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது.

தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை வாளோடு எழ வேண்டும். இளம் ராஜா படகில் போய் அதை வாங்கிக்கொள்வான். அதற்கென்று கூட்டி வந்திருந்த பெண் அக்டோபர் மாதக் குளிர் தண்ணீரில் ஒரு காலை வைத்துப் பார்த்தாள், அப்புறம் வண்டிக்குள் போய் உட்கார்ந்தவள் வெளியே வரவே இல்லை. வருஷம் முழுக்க இதில் நீந்துகிற ஆள் யாராவது உண்டா என்று விசாரித்தார்கள். ஊர் மொத்தமும் நெஸ்டாவைக் கை காட்டியது.

நெஸ்டாவுக்கு ஐம்பத்து நாலு வயது. ஊருக்குத் தபால் கொடுப்பவள். பனி பெய்தாலும் தோழி டெலித்தோடு காலையில் ஏரியில் இறங்கிவிடுவாள். ஆனால் ஊருக்கே தெரிந்த ஒரு விஷயத்தைச் சினிமாக்காரர்களிடம் யாரும் சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் புற்றுநோய் வந்து நெஸ்டாவின் வலது மார்பை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து வலது கை காதுக்கு மேல் ஏறுவதில்லை.

மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். தினமும் சுவரில் விரல்களை நடத்தி மேலே ஏற்ற வேண்டும். சமையலறைக் கதவு நிலையில் அவள் பென்சிலால் கோடு போட்டு வந்தாள். கோடுகள் ஏறின, பிறகு நின்றன. கடைசிக் கோட்டுக்குப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. "இவ்வளவுதான் போல" என்று ஒரு நாள் பென்சிலை டிராயருக்குள் போட்டுவிட்டாள்.

"கையத் தூக்கணுமாமே, எப்படிடி?" என்றாள் டெலித்.

"எனக்கு ரெண்டு கை இருக்குடி. இடது கைல தூக்கினா வாள் வேணாம்னு ராஜா திரும்பிப் போயிடுவானா?"

அவள் போட்ட கணக்கு அதுதான். அதில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. உடை மாட்டுகிற இடத்தில் வெள்ளைப் பட்டில் ஒற்றைச் சட்டைக் கை காத்திருந்தது, மணிக்கட்டில் வெள்ளி வளையத்தோடு, வலது கைக்கென்றே தைத்தது. முந்தைய காட்சிகளில் அந்த வளையம் வலது கையில் வந்துவிட்டதாம். நெஸ்டா விஷயத்தைச் சொல்லாமலே அதை மாட்டிக்கொண்டாள். எத்தனையோ பேர் பார்க்கும்போதாவது இந்தக் கைக்கு ரோஷம் வராதா என்று ஒரு நப்பாசை அவளுக்கு.

தண்ணீருக்குள் ஒரு மேடை இறக்கியிருந்தார்கள். அதில் மண்டியிட்டு, தலை முழுக்கி, கையை மட்டும் உயர்த்த வேண்டும். வாள் கனமே இல்லை, வெறும் அலுமினியம்.

முதல் தடவை, கை முழங்கை வரைதான் தண்ணீருக்கு வெளியே வந்தது. "பரவாயில்லைங்க, இன்னும் கொஞ்சம் மேல" என்றாள் இயக்குநர் டாம்சின் ஒலிபெருக்கியில். இரண்டாம் தடவை நெஸ்டா பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். தோள் சுண்டியது, விரல்கள் விரிந்தன, வாள் ஏரிக்குள் போய்விட்டது.

கரையிலிருந்து அவள் கணவன் இத்வால் கத்தினான். "சொன்னோம்ல, எங்க ஏரியிலதான் வாள் கிடக்குன்னு. இனி அது உண்மை."

எல்லோரும் சிரித்தார்கள். நெஸ்டா சிரிக்கவில்லை. முக்குளிப்பவர்கள் வாளைத் தேடிக்கொண்டிருந்தபோது போர்வையைச் சுற்றிக்கொண்டு டாம்சினிடம் போனாள்.

"என் கை ஏறாதும்மா. ஆபரேஷன் ஆச்சு. முன்னாடியே சொல்லியிருக்கணும், என் தப்பு."

டாம்சின் அவளைப் பார்த்தாள், வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்த மலையையும் பார்த்தாள். "சரிங்க. உங்க ஃப்ரெண்டைக் கேட்டுப் பாக்கலாமா?" என்று மெதுவாகத்தான் கேட்டாள். நெஸ்டாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தக் கையை மருத்துவமனையில் விட்டுக்கொடுத்தாகிவிட்டது, இங்கேயும் விட்டுக்கொடுக்க வேண்டுமா என்று இருந்தது.

ஊர் மன்றத்தில் மாதாமாதம் படம் போடுகிறவன் இத்வால். பழைய நாளில், படம் முடிந்ததும் சுருளைப் பின்னால் ஓடவிட்டுக் காட்டுவான். தண்ணீரில் குதித்தவன் கால் மேலாகத் திரும்பப் பாறையில் ஏறி நிற்பான், குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்த நினைப்பு நெஸ்டாவுக்கு எங்கிருந்தோ வந்தது.

"ஏறாது. ஆனா இறங்கும்" என்றாள். "யாராச்சும் தூக்கி விட்டுட்டா நிக்கும். அங்கேருந்து எவ்வளவு மெதுவா வேணும்னாலும் இறக்குவேன். அதை நீங்க பின்னாலேருந்து ஓட்டிக்க முடியாதா?"

டாம்சின் ஒலிபெருக்கியைக் கீழே வைத்தாள். கேமராக்காரனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தோளைக் குலுக்கி, "பாக்கலாமே" என்றான்.

வாள் கிடைத்ததும் டெலித்தும் தண்ணீரில் இறங்கினாள். "சினிமாவுல நடிக்க வந்தவ நீ, மூச்சடக்கிச் சாகறவ நான்" என்று முணுமுணுத்தபடி நெஸ்டாவின் கையை இரண்டு கையாலும் பிடித்து மேலே ஏற்றினாள். நார் நாராய் வலித்தது. கை நேராக நின்றதும் டெலித் முங்கி விலகிப் போனாள். நெஸ்டா தலையை முழுக்கினாள். குளிரும் இருட்டும். மனசுக்குள் எண்ணிக்கொண்டே, சுவரில் எத்தனையோ ஆயிரம் தடவை இறக்கிய அதே கையை, வாள் ஆடாமல், விரல்கடை விரல்கடையாக இறக்கினாள்.

சின்னத் திரையில் ஓட்டிப் பார்த்தார்கள். ஏரியில் விரிந்த வட்டங்கள் வெளியிலிருந்து உள்ளே வந்து கூடின. கூடிய இடத்தில் வாளின் முனை தெரிந்தது. கை எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது. சொட்டுகள் ஏரியிலிருந்து கிளம்பி அந்தக் கையில் போய் ஒட்டிக்கொண்டன. இத்வால்கூட வாயைத் திறக்கவில்லை, அது எங்கள் ஊரில் பெரிய செய்தி.

"இனி வேற எதுவும் எடுக்க வேணாம். இதுதான்" என்றாள் டாம்சின்.

ஊர் கொண்டாடியது. தபாலோடு போகிற வீட்டிலெல்லாம் திராட்சை ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தார்கள். நெஸ்டா வாங்கித் தின்றாள், ஆனால் உள்ளுக்குள் ஒரு முள் இருந்தது. "அது பொய்க் கைடி" என்றாள் டெலித்திடம். இருந்தாலும் அந்த வாரமே பென்சிலை டிராயரிலிருந்து எடுத்து வெளியே வைத்தாள். விரல்களும் மறுபடி சுவரில் நடக்க ஆரம்பித்தன. புதுக்கோடு மட்டும் விழவில்லை.

அடுத்த வருஷம் மே மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், படம் எங்கள் மன்றத்துக்கு வந்தது. நாற்காலி போதாமல் தேவாலயத்து பெஞ்சுகளைத் தூக்கி வந்தார்கள். ராஜாவுக்கு வேல்ஸ் உச்சரிப்பு வரவில்லை என்று பாதிப் படம் வரை முணுமுணுப்பு. பிறகு ஏரி வந்தது, முணுமுணுப்பு அடங்கியது.

அந்தப் பெரிய திரையில் தன் கை தோள் வரை, காதைத் தாண்டி, வானத்துக்கு ஏறுவதை நெஸ்டா பார்த்தாள். பொய்தான். ஆனால் அந்தத் தோல் அவளுடையது, கட்டை விரலில் தபால் பெட்டி கிழித்த தழும்பும் அவளுடையதுதான். போக முடியாத இடம் என்று நினைத்திருந்த இடத்தில் அந்தக் கை ஏற்கெனவே போய் நின்றிருக்கிறது. அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

படம் முடிந்ததும், எங்கள் வழக்கப்படி இத்வால் மேடையேறினான். இங்கே எதற்கும் ஓட்டுதான், தேநீருக்கு எந்த பிஸ்கட் வாங்குவது என்பதற்குக்கூட.

"நாளைக்கு மத்தியானம் இன்னொரு தடவை போடலாமா? போடலாம்ங்கறவங்க கை தூக்குங்க."

இரண்டு வருஷத்துக்கும் மேலாக நெஸ்டா இடது கையில்தான் ஓட்டுப் போட்டு வந்தாள். இத்வால் விரலை நீட்டி எண்ணிக்கொண்டு வந்தான். "நாப்பத்தி ஒண்ணு, நாப்பத்தி ரெண்டு..."

அங்கே நின்றுவிட்டான்.

மூன்றாம் வரிசையில் வலது கை ஒன்று காதைத் தாண்டி நின்றது. நேராக இல்லை, கொஞ்சம் வளைந்து, நடுங்கிக்கொண்டு. யாரும் தூக்கிவிடவில்லை. பக்கத்தில் டெலித் தன் கைகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மன்றம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இத்வாலின் நீட்டிய விரல் அப்படியே நின்றது.

"நாப்பத்தி மூணுய்யா" என்றாள் நெஸ்டா. "சீக்கிரம் எண்ணித் தொலை, கை வலிக்குது."